கொத்தமங்கலத்து வெள்ளைக்கார ஆச்சி

அழகப்பன் செட்டியார் தன் கடைப்படி ஏற வேண்டும் என்று ஜரீனா இருபத்திரண்டு வருஷம் காத்திருந்தாள். யாரும் கூப்பிடாமல் ஏற வேண்டும், தானாக ஏற வேண்டும், ஏறும்போது பல்லைக் காட்டிக்கொண்டு ஏற வேண்டும். மாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு அந்த மூன்றும் ஒன்றாக நடந்தன.

அவள் அப்போது கண்ணாடி அறுத்துக்கொண்டிருந்தாள். காரைக்குடியில் படத்துக்குச் சட்டம் போடுகிற கடைகள் எத்தனையோ வந்து போயின. ஜெய்னுலாபுதீன் பிரேம் ஒர்க்ஸ் மட்டும் பெயர்ப்பலகை மாறாமல் நிற்கிறது. ஜெய்னுலாபுதீன் அவளைப் பெற்ற அத்தா. அவர் போய்ப் பதினெட்டு வருஷம் ஆகிறது. கண்ணாடியில் போட்ட கோட்டை முழுக்க இழுத்து முடிக்கும் வரை அவள் நிமிரவில்லை. பாதியில் கையை எடுத்தால் கண்ணாடி தன் இஷ்டத்துக்கு உடையும்.

"என்ன ஆத்தா ஜரீனா, சொகமா இருக்கியா? ஒங்க அத்தா இருந்தப்ப வந்தது" என்றார் அழகப்பன்.

"அத்தா இருந்தப்ப நீங்க இங்க வரலை செட்டியாரே. அத்தாதான் ஒங்க வீட்டுக்கு வந்தாக. உக்காருங்க."

அவர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். அறுபதை நெருங்கும் வயது. மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, கையில் இரண்டு போன். கண் மட்டும் அவள் தோளுக்கு மேலே, உள்சுவரில் தொங்கிய படத்துக்குப் போய்விட்டது. கறிக்கடையில் தொங்குவதில் எந்தத் துண்டை வெட்டச் சொல்லலாம் என்று பார்ப்பவரின் பார்வை அது.

படத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண். இடது தோளுக்கு மேலாக யாரையோ திரும்பிப் பார்க்கிறாள். செம்பட்டை முடி பாதி முடிந்தும் பாதி அவிழ்ந்தும் கிடக்கிறது. முகத்தை வரைந்தவன் இமைமுடி வரைக்கும் பொறுமையாக வரைந்திருக்கிறான். கழுத்துக்குக் கீழே வந்ததும் தோளும் துணியும் நாலைந்து தீற்றலோடு முடிந்துவிட்டன. கையே கிடையாது. அடியில் வெறும் பழுப்புப் பூச்சு. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள் என்று தூரிகையைப் போட்டுவிட்டு எழுந்து போனவன் வேலை மாதிரி இருக்கும்.

"இந்தப் படம் எங்க வீட்டுது ஆத்தா" என்றார் அழகப்பன். குரலில் தேன் ஒழுகியது.

ஜரீனாவுக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. சந்தோஷத்தில்தான். இந்த ஒரு வாக்கியத்தைத்தான் அவள் அத்தா அழுது அழுது சொன்னார். அன்றைக்கு அதை மறுத்த வாய் இன்றைக்குத் தானாகத் திறந்து சொல்கிறது.

கொத்தமங்கலத்தில் இருக்கிற அந்த வீடு ஒரு ஆளுக்குச் சொந்தமில்லை. பதினோரு பங்காளிகளுக்குப் பொது. ஆட்கள் சென்னையிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள்; படைப்புக்கு மட்டும் எல்லாரும் வந்து சேருவார்கள். வீட்டில் இளவயதில் போன முன்னோரைத் தெய்வமாக நினைத்து, புதுச்சேலை எடுத்து வைத்து, இலை போட்டுக் கும்பிடுவதுதான் படைப்பு. அந்த வீட்டுத் தெய்வம் உமையாள் ஆச்சி. தலைப்பிரசவத்தில் போனவள். அவள் புருஷன் சைகோனில் வட்டிக்கடை வைத்திருந்தவர். மனைவி நினைவு தாளாமல் அங்கே ஒரு வெள்ளைக்காரனிடம் அவள் அங்க அடையாளங்களைச் சொல்லிச் சொல்லி வரைந்து வாங்கி வந்த படம் என்று வீட்டில் கதை. மனுஷன் எங்கேயோ ஏலத்தில் எடுத்து வந்திருப்பார் என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்ற நியாயமும் இல்லை. ஒவ்வொரு படைப்புக்கும் வீட்டுப் பெண்கள் அந்தப் படத்தை நல்லெண்ணெய் தொட்டுத் துடைப்பார்கள், நெற்றியில் குங்குமம் வைப்பார்கள், சாம்பிராணி போடுவார்கள். நூறு வருஷ எண்ணெயும் புகையும் ஏறினால் பளிங்கே கறுக்கும். துணியில் தீட்டிய முகம் எம்மாத்திரம்? கறுத்து, களையாக, நெற்றியில் விரல் கனத்துக்குக் குங்குமத்தோடு, அசல் செட்டிநாட்டு ஆச்சியாகவே அவள் ஆகிப்போனாள்.

படைப்பு அறைக்குள் வைத்த பொருள் வெளியே போகக் கூடாது. அந்த வீட்டு ஏற்பாடு அது. சட்டத்தைச் செல் அரித்துவிட்டது என்று, அப்போதுதான் வீட்டுக் காரியம் பார்க்கும் பொறுப்புக்கு வந்திருந்த அழகப்பன், பங்காளிகள் யாரையும் கேட்காமல் படத்தைத் தூக்கி ஜெய்னுலாபுதீனிடம் கொடுத்தார். புதுச் சட்டம் போடச் சொன்னார், அவ்வளவுதான்.

ஜெய்னுலாபுதீன் கை சும்மா இருக்காது. அடுத்தவர் சாமி என்றாலும் அழுக்காக இருந்தால் அவருக்குப் பொறுக்காது. பஞ்சில் டர்பன்டைனைத் தொட்டுக் கன்னத்தில் ஒரு ஓரம் துடைத்துப் பார்த்தார். வெள்ளையாக வந்தது. பயந்துபோய்ப் பஞ்சைக் கீழே வைத்துவிட்டார்.

அப்போது பக்கத்தில் இருந்தவள் ஜரீனா. பத்தொன்பது வயது. "எம்புட்டு அழகா இருக்கா பாருங்கத்தா! நிப்பாட்டாதீக, முழுசும் தொடைங்க" என்றாள். மகள் சொன்னால் மறுக்காத மனுஷன். இரண்டு நாள் உட்கார்ந்து துடைத்தார். அவர் துடைக்கத் துடைக்க அவள் பஞ்சு மாற்றிக் கொடுத்தாள். அந்த ஒரு பேச்சைத்தான் ஜரீனா இன்றைக்கும் முழுங்க முடியாமல் தொண்டையில் வைத்திருக்கிறாள். அன்று வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அத்தா ஓரத்தில் குங்குமத்தைப் பூசி மறைத்துக் கொடுத்திருப்பார்.

படைப்புக்கு முந்தின நாள் பெருமை பொங்க, புதுத் தேக்குச் சட்டத்தோடு கொண்டுபோய் வீட்டு நடுமுற்றமான வளவில் வைத்துத் துணியை விலக்கினார். பெண்கள் அலறினார்கள். "எங்க ஆச்சி எங்க? இது எவ?" என்று ஒரே கூச்சல். ஜெய்னுலாபுதீன் பதறிப்போய்ப் படத்தின் முதுகைத் திருப்பிக் காட்டினார். அந்த வீட்டில் அண்டா முதல் கரண்டி வரைக்கும் வீட்டு எழுத்து வெட்டியிருக்கும். படத்தின் பழைய பின்கட்டையிலும் அதே எழுத்து பழுக்கக் காய்ச்சிச் சுட்டிருந்தது. அழகப்பன் குனிந்து பார்த்தார். விரலால் தடவியும் பார்த்தார். வாசலில் செருப்போரம் நின்ற ஜரீனா அதைத் தன் கண்ணால் கண்டாள்.

படம் அதுதான் என்று ஒப்புக்கொண்டால், கேட்காமல் அறையைவிட்டு ஏன் வெளியே கொடுத்தாய் என்று பத்துப் பங்காளிகளும் சட்டையைப் பிடிப்பார்கள். அழகப்பன் நிமிர்ந்தார். "எழுத்தெல்லாம் இவனே சுட்டுருக்கான். நம்ம ஆச்சியக் களவாண்டு வித்துப்புட்டு, எவளோ ஒரு வெள்ளைக்காரிய வச்சு ஏமாத்தப் பாக்குறான்" என்றார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

ஸ்டேஷனில் எழுதியும் கொடுத்தார். கேஸ் நிற்கவில்லை. திருட்டுப்போன படம் என்று ஒன்று இருந்தால்தானே கிடைக்கும்? மிச்சமிருந்த படத்தை, அவனுடையதை அவனே வைத்துக்கொள்ளட்டும் என்று ஜெய்னுலாபுதீன் கையிலேயே கொடுத்தார்கள். கேஸ் போனது, பேர் போகவில்லை. கடைக்கு ஆள் வரவில்லை. ஜமாஅத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர் தள்ளி உட்கார்ந்தார். ஜரீனாவுக்கு இளையான்குடியில் பேசி முடித்திருந்த சம்பந்தம், படத்திருடன் மகள் வேண்டாம் என்று திரும்பிப் போனது. நாலு வருஷம் அந்த மனுஷன் குனிந்த தலை நிமிராமல் நடந்து, ஒருநாள் அப்படியே போய்ச் சேர்ந்தார். சாகிற அன்றைக்குக்கூட மகளிடம் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று ஜரீனா பல நாள் நினைத்திருக்கிறாள்.

அவள் படத்தைக் கிழித்துப் போடவில்லை. கடையின் உள்சுவரில் மாட்டிவைத்து, தினமும் பார்த்துக்கொண்டே வேலை செய்தாள். ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். அவள் கோபம் ஆறவே இல்லை.

போன ஐப்பசியில் சென்னையிலிருந்து ஹரிகிருஷ்ணன் என்று ஒருவர் பழைய பர்மாத் தேக்குச் சட்டம் தேடிக்கொண்டு கடைக்கு வந்தார். பழைய ஓவியங்களைப் பரிசோதித்துச் சொல்வது அவர் தொழில். படத்தைப் பார்த்தவர் சட்டத்தை மறந்துவிட்டார். இரண்டு மணி நேரம் லென்ஸை வைத்துக்கொண்டு அதன் முன்னாலேயே நின்றார்.

"இது இருநூத்தம்பது வருஷத்துப் படம்மா. பிரான்ஸ் பக்கத்து வேலை. பெரிய படம் ஒண்ணு வரையறதுக்கு முன்னாடி முகத்தை மட்டும் போட்டுப் பார்ப்பாங்க, அந்த மாதிரி ஒத்திகை. பெரிய கை. இதை வித்தா நீங்க தெருவையே வாங்கலாம்."

"இந்தப் பொம்பள யாரு?"

"தெரியாது. வரைஞ்சவனோட சம்சாரமா இருக்கலாம், வீட்டு வேலைக்காரியா இருக்கலாம். பெயர் தெரியாத பெண்ணுன்னுதான் எழுத முடியும்."

அவர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அன்று ராத்திரி சார்ஜாவிலிருந்து நியாஸ் போன் பண்ணினான். அவள் புருஷன், நல்லவன், பதினாறு வருஷமாக வெயிலில் வேகிறவன். சந்தோஷத்தில் அவனுக்குக் குரலே வரவில்லை. "வித்துரு ஜரீனா. நான் அடுத்த பிளைட்ல வந்துர்றேன்" என்றான்.

"விக்கலாம் மச்சான். வித்துட்டா ஊரு என்ன சொல்லும்? ஜெய்னுலாபுதீன் அன்னைக்குக் களவாண்டதை மக இன்னைக்கு வித்துத் திங்கிறான்னு சொல்லும். அத்தாவோட பேரு அத்தோட முடிஞ்சுது."

"பேரு போயி இருவது வருசமாச்சுடி. போனவுகளுக்குப் பேரு எதுக்கு?"

"எனக்கு வேணும்" என்றாள். அவன் ஒரு வாரம் பேசவில்லை. பிறகு, "என்னமோ பண்ணித் தொலை. நான் இன்னும் அஞ்சு வருசம் இங்கனயே கெடக்கேன்" என்றான். அதற்காக அவள் தனியாக உட்கார்ந்து அழுதாள். ஆனால் முடிவை மாற்றவில்லை.

மறுநாளே பழைய சாமான் விற்கிற தெருவில் ஒரே ஒரு கடைக்காரரிடம் ஹரிகிருஷ்ணன் எழுதிக் கொடுத்த தாளைக் காட்டி, "யார்கிட்டயும் சொல்லிறாதீக" என்றாள். அதற்கு மேல் அவள் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை.

இப்போது அழகப்பன் ஸ்டூலில் உட்கார்ந்து தேன் ஒழுகப் பேசிக்கொண்டிருந்தார்.

"எங்க வீட்டு எழுத்து பின்னாடி இருக்குமே, பாத்தியா?"

"பாத்திருக்கேன். நீங்களும் பாத்தீக." மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு நகலை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். அவரே ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்த புகார். "'இந்தப் படம் எங்களுடையது அல்ல, மேற்படி ஜெய்னுலாபுதீன் கொண்டு வந்து வைத்தது.' ஒங்க கையெழுத்துத்தான செட்டியாரே?"

அவர் முகத்தில் ஈயாடவில்லை. நகலைத் தள்ளி வைத்துவிட்டு, "பாதிக்குப் பாதி வச்சுக்குவோம்" என்றார்.

"முழுசா எடுத்துக்கங்க. எனக்கு ஒத்தைப் பைசா வேணாம். வர்ற மாசம் படைப்பு. பங்காளிக எல்லாரும் வருவாக. வளவுல நின்னு, இதுதான் எங்க படம், ஜெய்னுலாபுதீன் களவாங்கலை, பழியப் போட்டது நாந்தான்னு சொல்லணும். சொன்னதை எழுதிக் கையெழுத்துப் போட்டு எங்க ஜமாஅத்துக்குக் குடுக்கணும். படத்தை அங்கனயே வச்சுட்டு வந்துருறேன்."

அழகப்பன் அவளை உற்றுப் பார்த்தார். பைத்தியமா என்று பார்க்கிறார் என்பது அவளுக்குப் புரிந்தது. அவர் மனசில் ஓடிய கணக்கும் அவளுக்குத் தெரிந்தது. செத்துப்போன ஒரு பிரேம்காரனுக்கு நாலு நல்ல வார்த்தை. கொஞ்சம் தலைகுனிவு, துடைத்துப் போட்டுவிடலாம். நாலு தலைமுறையாக வெள்ளைக்காரியைக் கும்பிட்டோம் என்று தெரிந்தால் பங்காளிகள் வெட்கப்பட்டு, முதலில் இதை விற்றுத் தொலை என்பார்கள். விற்கிற பொறுப்பும் அவர் கைக்கே வரும்.

அப்படியும் நடக்கலாம்தான். அந்தப் பயம் ஜரீனாவுக்கும் இருந்தது. ஆனால் அவருக்குத் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரியும். அந்த வீட்டைக் கூட்டிப் பெருக்குகிற முத்துமாரி சொன்னது. பங்காளிகளில் மூத்தவீட்டுக் கண்ணம்மை ஆச்சி மட்டும் ஊரைவிட்டுப் போகாமல் அங்கேயே இருக்கிறாள். படம் தொங்கிய இடத்தில் இருக்கிற வெறும் ஆணிக்கு இருபத்திரண்டு வருஷமாக வெள்ளிக்கிழமைதோறும் விளக்கேற்றுகிறாள்.

"சரி, சொல்றேன்" என்றார் அழகப்பன்.

படைப்பு அன்றைக்கு வளவு நிறைந்திருந்தது. அறுபது எழுபது பேர் இருக்கும். அடுப்படியிலிருந்து நெய் மணம் வந்தது. ஜரீனா ஆட்டோவில் படத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினாள். அன்றைக்கு அத்தாவோடு வந்தபோது செருப்போரம் நின்றவள், இன்று நேராக வளவுக்குள் போய்த் தூணில் படத்தைச் சாய்த்து வைத்து, துணியை விலக்காமல் நின்றாள். எல்லாரும் அவளையே பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நின்றாள்.

அழகப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். மேடைப் பேச்சு அவருக்குக் கைவந்த கலை. "பங்காளிக எல்லாரும் மன்னிக்கணும். முன்னால ஒரு தப்பு நடந்துபோச்சு. நம்ம ஆச்சி படம் களவு போச்சுன்னு நெனைச்சோம். போகலை. அழுக்கு எடுத்ததுல அடையாளம் தெரியாமப் போச்சு. பாவம், அந்தப் பாய் மேல…"

"தப்பு தானா நடந்துச்சா செட்டியாரே?" என்றாள் ஜரீனா. சத்தமாக இல்லை, ஆனால் வளவு முழுக்கக் கேட்டது. "பேசுனபடி சொல்லுங்க. இல்லைன்னா நான் தூக்கிட்டுப் போறேன்."

அவர் காது சிவந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். "ஜெய்னுலாபுதீன் களவாங்கலை. பின்னால நம்ம வீட்டு எழுத்து இருந்துச்சு. நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் பழியப் போட்டேன். ஒங்களக் கேக்காமப் படத்தை வெளிய குடுத்தது நான். அது தெரிஞ்சுறக் கூடாதுன்னு அப்புடிச் சொன்னேன்."

அத்தா, கேட்டீகளா என்று ஜரீனா மனசுக்குள் கத்தினாள். எழுதிவைத்த தாளை நீட்டினாள். அழகப்பன் கையெழுத்துப் போட்டார். சாட்சிக்கு இரண்டு பங்காளிகளும் போட்டார்கள். தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்ட பிறகுதான் படத்தின் மேலிருந்த துணியை எடுத்தாள்.

கண்ணம்மை ஆச்சி எழுந்து வந்தாள். எழுபது தாண்டிய ஒடிசலான உடம்பு. படத்துக்கு முன்னால் வந்து நின்று வெகுநேரம் பார்த்தாள். பிறகு அழகப்பன் பக்கம் திரும்பினாள்.

"இதுதானா? நான் கல்யாணமாயி வந்த நாள்ல இருந்து எண்ணெ தொட்டுத் தொடைச்சது இதுதானா?"

"இதேதான் ஆச்சி."

"சூடத்தை அணைச்சுச் சொல்லு."

தட்டில் சூடம் எரிந்தது. அழகப்பன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. படம் இந்த வீட்டுடையது என்று எவ்வளவு உறுதியாகச் சொல்கிறாரோ, விற்கும்போது அவ்வளவும் லாபம். உள்ளங்கையால் சூடத்தை அடித்து அணைத்து, "நம்ம படைப்பு அறையில இருந்த உமையாள் ஆச்சி படம் இதுதான். சத்தியம்" என்றார். நுணலும் தன் வாயால் கெடும்.

ஆச்சி குங்குமத்தை எடுத்தாள். அந்த வெள்ளை நெற்றியில் அழுத்தி வைத்தாள். "ஆத்தா, வந்துட்டியா" என்று ஒரு கத்துக் கத்தினாள். பின்னாலிருந்த பெண்கள் குலவை போட்டார்கள்.

அழகப்பனுக்கு அப்போதுதான் தரை நழுவியது. "ஆச்சி, கொஞ்சம் பொறுங்க. இது பழைய காலத்துச் சீமைப் படம். வெளிநாட்டுல கொண்டுபோய்க் குடுத்தா நம்ம பதினோரு வீட்டுக்கும்…"

"என்னது? படைப்புல இருக்கிறவள விக்கிறதா?" என்றார் பங்காளிகளில் பெரியவரான நாகநாதன். "இப்பத்தானடா சூடம் அணைச்ச!"

"அய்யோ, இவ ஆச்சியே இல்ல! வெள்ளைக்காரி! யாருன்னே தெரியாதாம், படத்தைப் பரிசோதிச்சவன் எழுதியே குடுத்திருக்கான்!"

"யாருன்னு தெரியாதவளுக்கு எதுக்குடா சூடம் அணைச்ச?" என்றாள் ஆச்சி.

கூட்டத்தில் ஒரு பெண் விம்ம ஆரம்பித்தாள். பத்து வருஷத்துக்கு முன் திருச்சி ரோட்டில் லாரி மோதி மகனைப் பறிகொடுத்தவள். "வீட்டுத் தெய்வத்தை வெளிய தொரத்துனா வீடு எப்புடி வெளங்கும்? எம்புள்ளைய வாரிக் குடுத்தேனே! இவனாலதான், இவனாலதான்!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். அவ்வளவுதான். அணை உடைந்த மாதிரி ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள். ஒருத்திக்குக் குழந்தை தங்கவில்லை, ஒருவருக்குக் கால் போனது, ஒருவர் மகள் வாழாமல் வந்துவிட்டாள். இருபத்திரண்டு வருஷத்தில் அந்தப் பதினோரு வீட்டில் நடந்த கெட்டதெல்லாம் ஒன்றொன்றாக வந்து அழகப்பன் தலையில் ஏறியது. அவர் தம்பியே இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். "இவன் இனிமே படைப்பு எலையில உக்காரக் கூடாது" என்றார் நாகநாதன். யாரும் மறுக்கவில்லை.

அழகப்பன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஜரீனாவிடம் வந்தார். சட்டை கசங்கியிருந்தது. கண்ணில் நீர்.

"நீ சொல்லு ஆத்தா. நீதான் கூட இருந்து பாத்தவ. இது வெறும் படம், எவளோ ஒருத்தியோட மொகம், இதுக்கும் அந்தச் சாவுகளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லைன்னு சொல்லு. நீ சொன்னாக் கேப்பாக. நான் அதுகளுக்கு ஒண்ணும் பண்ணலை. சத்தியமா ஒண்ணும் பண்ணலை."

ஒன்றும் பண்ணவில்லைதான். அது ஜரீனாவுக்கு நன்றாகத் தெரியும். லாரிக்காரன் குடித்திருந்தான், ஊருக்கே தெரிந்த விஷயம். அவள் அத்தா திருடாதது எவ்வளவு உண்மையோ, அந்தப் பிள்ளையை இவர் கொல்லாததும் அவ்வளவு உண்மை. அவள் ஒரு வார்த்தை சொன்னால் நாலு பேராவது நின்று யோசிப்பார்கள். கண்ணம்மை ஆச்சியும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"படம் ஒங்க வீட்டுது செட்டியாரே" என்றாள் ஜரீனா. "அதுல இருக்கிறது யாருன்னு வீட்டுக்காரகளுக்குத்தான் தெரியும். எனக்கு எப்புடித் தெரியும்?"

துணியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். பின்னால் குலவைச் சத்தமும், அதற்கு நடுவே அழகப்பன் யாரிடமோ எதையோ விளக்கிக்கொண்டிருப்பதும் தெருமுனை வரைக்கும் கேட்டன. பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கைப்பையைத் திறந்து தாளை ஒருதரம் வாசித்தாள். நாளைக்கு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்ததும் ஜமாஅத்தில் வாசிக்கச் சொல்ல வேண்டும். இன்று ராத்திரி நியாஸுக்குப் போன் பண்ண வேண்டும். அவனிடம் என்ன சொல்வது என்று இன்னும் தெரியவில்லை.

பிறகு, அந்த மனுஷன் அழுததை நினைத்துத் தனக்குக் கொஞ்சமாவது இரக்கம் வருகிறதா என்று பார்த்தாள். பள்ளத்தூர் வந்தது, போனது. கோட்டையூரும் போனது. காரைக்குடியில் இறங்கும் வரைக்கும் பார்த்தாள். வரவில்லை.